தண்ணீர் வராத கல்லி

பேராச்சிக்குப் பொறாமை என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவாள். "எனக்கு என்ன பொறாம? நான் உள்ளதச் சொல்லுதேன்" என்பாள். தாராவியில் அந்தக் கல்லியில், அந்த ஒடுக்கமான சந்தில், இத்தனை வருஷமாய் அவள் சொன்ன 'உள்ளது' எல்லாம் ஒரே ஒருத்தியைப் பற்றித்தான். ஓரகத்தி மாரீஸ்வரி, கொழுந்தன் பூலோகத்தின் பெண்டாட்டி. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள். அவள் வீட்டில் தாளித்தால் இவள் வீட்டில் தும்மல் வரும்.

முதல் கோளாறு ஜன்னலில் ஆரம்பித்தது. மாமனார் விட்டுப்போனது ஒரே ஒரு கோலி, ஒற்றை அறை வீடு. அண்ணன் தம்பிக்கு நடுவில் சுவர் எழுப்பியபோது இருந்த ஒரு ஜன்னலும் தம்பி பக்கம் போய்விட்டது. பேராச்சியின் புருஷன் வெயிலுமுத்து வாயில்லாத மனுஷன். "தம்பிதான, போட்டும்" என்றான். பேராச்சி ஒரு மின்விசிறி வாங்கி மாட்டினாள். அது சுற்றும்போதெல்லாம் அந்தப் பக்கத்து ஜன்னல் ஞாபகம்தான் அவளுக்கு வரும்.

இரண்டாவது கோளாறு உயரம். மாரீஸ்வரி நெடுநெடுவென்று வளர்ந்தவள், பேராச்சி குட்டை. மாரீஸ்வரியின் கல்யாணப் போட்டோவில் மூத்த மருமகளாய் முன்வரிசையில் நிற்கிற பேராச்சியைப் பார்த்து, மணப்பெண்ணின் தங்கச்சியா என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். அந்தப் போட்டோவைப் பேராச்சி தன் வீட்டில் மாட்டவே இல்லை.

முறுக்குக் கம்பெனியில் பேராச்சிக்கு முறுக்கு சுற்றும் வேலை, எண்ணெய்ப் புகையோடு மல்லுக்கட்ட வேண்டும். மாரீஸ்வரிக்கு அதே கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற வேலை, விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு! தெருக்குழாய்த் தண்ணீர் மாரீஸ்வரி வீட்டுக்குத்தான் முதலில் வரும். மாரீஸ்வரி மகன் செல்வம் புனேயில் ஏசி ஆபீசில் இருக்கிறான். அடேயப்பா, ஒருத்திக்கே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்க சாமிக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

ஒன்றே ஒன்றில் மட்டும் பேராச்சி ஜெயித்திருந்தாள். அவள் மகள் விஜயலட்சுமிக்குக் கல்யாணமாகிவிட்டது, பாண்டுப்பில் மாப்பிள்ளை. செல்வமோ, கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறவன். ஆக, இந்தக் குடும்பத்தில் பேரப்பிள்ளையை முதலில் கையில் ஏந்தப் போகிறவள் பேராச்சி. அந்த நாளை நினைத்துத்தான் அவள் மற்ற எல்லா வயிற்றெரிச்சலையும் தாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் சஃப்ரீன் வந்தாள். சீத்தா கேம்ப் பெண், படித்தவள், நறுக்கென்று பேசுவாள். மழைக்காலத்தில் எந்தச் சந்தில் எவ்வளவு வெள்ளம் ஏறுகிறது என்று வரைபடம் போடும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பிள்ளையார் கோயில் முன்னால் பெண்களைக் கூட்டிவைத்து, வானத்திலிருந்து எடுத்த படத்தை போனில் காட்டினாள். தாராவி முழுக்க நீலத் தார்ப்பாயும் தகரமும்தான் தெரிந்தது, அடியில் கல்லி இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"மேல இருந்து பாத்தா கூரைதான் ஆன்ட்டி தெரியும். வீட்டுக்குள்ள தண்ணி எவ்வளவு வருதுன்னு நீங்கதான் சொல்லணும். வீட்டுக்கு ஒரு புள்ளி. தண்ணி வராத வீடு பச்சை. கணுக்கால் வரைக்கும்னா மஞ்சள், முட்டி வரைக்கும்னா ஆரஞ்சு, இடுப்புக்கு வந்தா சிவப்பு. நடக்க முடியாதவங்க இருந்தா அதுக்குத் தனி அடையாளம். வெள்ளம் வந்தா எங்க பசங்க இந்த மேப்பப் பாத்துத்தான் டியூப்பும் பம்பும் எடுத்துட்டு ஓடுவாங்க. சிவப்புக்கு முதல்ல" என்றாள்.

வீடு வீடாய்ப் போய்க் கேட்டுப் பதிய ஒரு ஆள் வேண்டும். நீலச் சட்டை தருவார்கள். பேராச்சிதான் முதலில் கையைத் தூக்கினாள், சத்தியமாய் முதலில்! சஃப்ரீன் அவள் போனைப் பார்த்தாள். பட்டன் போன். மாரீஸ்வரி கையிலோ செல்வம் அனுப்பிய பெரிய போன், தமிழ், இந்தி இரண்டும் தட்டுவாள். நீலச் சட்டை அவளுக்குப் போயிற்று. சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு மாரீஸ்வரி கல்லியில் நடந்தாள். அன்றைக்குப் பேராச்சி சுற்றிய முறுக்கெல்லாம் கோணல்.

மறுநாளே மாரீஸ்வரி போனும் கையுமாய் இவள் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, போன வருசம் ஒங்க வீட்டுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

இதில் ஒரு விஷயம் உண்டு. அந்தக் கல்லியில் வெள்ளம் வந்து போனால் எல்லாரும் தரையை உயர்த்துவார்கள். ஒருத்தர் உயர்த்தினால் அடுத்தவர் அதற்கும் மேலே உயர்த்துவார், அப்போதுதான் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். பேராச்சி கொத்தனாரை வைத்து மாரீஸ்வரி வீட்டைவிட ஒரு சாண் தூக்கி, பளபளவென்று ஓடு பதித்திருந்தாள். இனிமேல் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று கல்லி முழுக்கச் சொல்லியும் விட்டாள். ஆனால் தண்ணீருக்கு வாசல் எதற்கு? குளிக்கிற மூலையில் இருக்கிற மோரி ஓட்டை வழியாக நாலாத் தண்ணீர், வெளியே ஓடுகிற பெரிய சாக்கடைத் தண்ணீர், பொங்கிக்கொண்டு மேலே வந்தது. போன வருஷம் புது ஓட்டுக்கு மேலே இடுப்பளவு. கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் இறைத்துக் கொட்டினாள் பேராச்சி.

அதை இவளிடம் சொல்வதா? அதுவும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறவளிடமா?

"எங்க வீட்டுக்குள்ள தண்ணி வராது. பச்சன்னு போடு" என்றாள்.

மாரீஸ்வரி அவளையே பார்த்தாள். "நெசமாவாக்கா?"

"பின்ன பொய்யா சொல்லுதேன்? நான் சொன்னதுக்கு மேல நீ ஒரு எழுத்து மாத்திப் போட்ட, அப்புறம் ஊரக் கூட்டிருவேன் பாத்துக்க."

மாரீஸ்வரி தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மழைக்கு முன்னால் சஃப்ரீன் முழு வரைபடத்தையும் பெரிதாய் அச்சடித்துக் கோயில் சுவரில் ஒட்டினாள். சுற்றிலும் ஆரஞ்சும் சிவப்புமாய்க் கிடந்தது. நடுவில் இவர்கள் கல்லி மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு மஞ்சள்கூடக் கிடையாது. சஃப்ரீனுக்கே குழப்பம்.

"உங்க கல்லி என்ன மேடா ஆன்ட்டி?"

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஆளாளுக்கு வேறெங்கோ பார்த்தார்கள். பேராச்சிக்கு அப்போதுதான் விளங்கிற்று. இவள் வீட்டில் வராது என்றால் எதிர்வீட்டுக்காரி என் வீட்டில் மட்டும் வருகிறதென்று சொல்வாளா? அவள் சொல்லாததை அதற்கடுத்தவள் சொல்வாளா? எல்லாரும் வரிசையாய் வறண்ட வீட்டுக்காரிகள் ஆகிவிட்டார்கள். தன் புள்ளிக்கு ஒட்டினாற்போல இருந்த மாரீஸ்வரியின் புள்ளியைத் தேடினாள். அதுவும் பச்சை!

போன வருஷம் மாரீஸ்வரியின் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து இவள் சுவரில் டங் டங்கென்று இடித்ததைக் காதால் கேட்டவள் பேராச்சி. 'கள்ளி, என்னப் பாத்து நீயும் பச்ச போட்டுக்கிட்டியா' என்று பொருமினாள். எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிடலாம்தான். ஆனால் அவள் பச்சை பொய்யென்றால் இவள் பச்சை மட்டும் என்னவாம்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வளைகாப்பு முடிந்து விஜயலட்சுமி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். மாரீஸ்வரி மறுபடியும் போனோடு வந்து நின்றாள்.

"அக்கா, விஜியப் பதிஞ்சுரட்டுமா? பிள்ளத்தாச்சிக்குன்னு தனி அடையாளம் இருக்கு."

"எதுக்கு? எம் பிள்ள மாசமா இருக்கான்னு ஊரு பூரா போன்ல பாத்துக் கண்ணு போடுததுக்கா? முதல்ல ஒன் கண்ணே போதும்ட்டி!"

சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் அதிகமாய்ப் பட்டது. மாரீஸ்வரி முகம் கறுத்துப்போயிற்று. போனை மடியில் செருகிக்கொண்டு போனாள். அன்று சாயந்தரம் பேராச்சி மகளுக்கு இரண்டு தடவை சுற்றிப்போட்டாள்.

ஆகஸ்ட் மழை பேய்மாதிரிப் பிடித்தது. வெயிலுமுத்துவும் பூலோகமும் காலையில் வேலைக்குப் போனவர்கள், ரயில் நின்றுபோய் எங்கேயோ மாட்டிக்கொண்டார்கள். மத்தியானம் கடலும் ஏறியது. கடல் ஏறினால் நாலாத் தண்ணீர் வெளியே போகாமல் திரும்பி ஊருக்குள் வரும். பேராச்சி வாசலில் மணல் மூட்டையை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். பின்னால் மோரி களக் களக்கென்று சத்தம் போட்டது.

சாக்கைத் திணித்தாள், பழைய தலையணையைத் திணித்தாள், அதன் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். தண்ணீர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது. கணுக்கால், முட்டி. கட்டிலில் உட்கார்ந்திருந்த விஜயலட்சுமி திடீரென்று இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, வலிக்கும்மா."

"பயந்துட்டியா? ஒண்ணுமில்ல."

"இல்லம்மா. பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு."

பேராச்சி அண்ணாந்து பார்த்தாள். மேலே பரணுக்கு ஒரு இரும்பு ஏணி உண்டு, செங்குத்தாய் நிற்கும். நிறைமாசக்காரி அதில் எப்படி ஏறுவாள்? வாசலை எட்டிப் பார்த்தாள். கல்லியில் தண்ணீர் இன்னும் ஆழம், கறுப்பாய்ச் சுழித்துக்கொண்டு ஓடியது. மகளை இதில் இறக்க முடியாது. கட்டில் கால் முழுகி, சட்டத்தைத் தொட்டது தண்ணீர்.

அடுத்த வாசலில் மாரீஸ்வரி நின்றிருந்தாள். நீலச் சட்டை, காதில் போன். சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்போதே சஃப்ரீனைக் கூப்பிட்டிருக்கிறாள். போனில் சஃப்ரீன் கத்துவது பேராச்சிக்கே கேட்டது.

"ஆன்ட்டி, உங்க கல்லி ஃபுல்லா க்ரீன்ல இருக்கு! பசங்க சிவப்பு எங்கேன்னு பாத்துத்தான் போறாங்க, நான் ஒவ்வொருத்தருக்கா போன் போட முடியாது. தண்ணி இருந்தா ஜல்தி மேப்ப மாத்துங்க!"

மாரீஸ்வரி போனை இறக்கிவிட்டு இவளைப் பார்த்தாள். "அக்கா, ஒங்க வீட்டுல தண்ணி எம்புட்டு?"

கேளுங்கள் இந்தக் கூத்தை. மகள் உள்ளே முனகுகிறாள், கட்டில் முழுகப் போகிறது. அப்போதும் பேராச்சிக்கு நாக்கு எழவில்லை. "ஒன் வீட்டுல எம்புட்டு?" என்றாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொல்லாம நான் மாத்துனா, பொய்யாப் போட்டுட்டான்னு நாளைக்கு ஊரக் கூட்டுவீங்க."

"நீ ஒன் வீட்ட மாத்துட்டி மொதல்ல!"

இரண்டு பேரும் முட்டிக்கு மேலான தண்ணீரில் நின்றுகொண்டு ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்கள். எதிர்வீட்டுக்காரி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் பாத்திரங்கள் மிதக்கும் சத்தம்.

உள்ளேயிருந்து விஜயலட்சுமி "எம்மா!" என்று அலறினாள். அது சும்மா அலறல் இல்லை.

பேராச்சி வாசல்படியில் ஏறி நின்றாள். கல்லி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"தண்ணி வருதுட்டி! எங்க வீட்டுல தண்ணி வருது! போன வருசமும் வந்துச்சு, அதுக்கு முந்துன வருசமும் வந்துச்சு, வருசா வருசம் வருது! நான் சொன்னது பூராப் பொய்! இடுப்பு மட்டும் வருது, போடுட்டி! எம் மவ பிள்ளத்தாச்சி, அதையும் போடு!"

மாரீஸ்வரி தட்ட ஆரம்பித்தாள். தட்டிக்கொண்டே, "ஒங்க இடுப்பா, என் இடுப்பாக்கா?" என்றாள்.

"யாரு இடுப்புன்னு கேக்குத நேரமாட்டி இது! செவப்பப் போடு!"

போட்டாள். அப்புறம், யாரையும் பார்க்காமல், "எங்க வீட்டுலயும் இடுப்புதான்" என்று சொல்லி இன்னொன்றையும் தட்டினாள். எதிர்வீட்டுக்காரி கதவை விரியத் திறந்து, "எங்களுக்கும் போடு மாரி" என்றாள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. இத்தனை நாள் மூடி வைத்திருந்த வாயெல்லாம் ஒன்றாய்த் திறந்துகொண்டன. எங்களுக்கு முட்டிக்கு மேலே, எங்களுக்கு நெஞ்சு வரைக்கும், எங்க மாமியாருக்கு நடக்க முடியாது. மாரீஸ்வரிக்குத் தட்டி மாளவில்லை.

சிவப்பைப் பார்த்துப் பையன்கள் வந்துவிட்டார்கள். பெரிய லாரி டியூப் மேல் பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துக் கட்டியிருந்தார்கள். விஜயலட்சுமியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பேராச்சியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நாலு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. ஒரு பையன் பிடித்து இழுத்துப் படியில் ஏற்றிவிட்டான்.

"ஆன்ட்டி, நீங்க வர முடியாது. கல்லி முனையில இன்னும் ஆழம். வழியில மூடியில்லாத மேன்ஹோல் வேற இருக்கு, அதுவும் மேப்புல இருக்கு, பாத்துச் சொல்ல ஒருத்தர் முன்னால நடக்கணும்."

நெடுநெடுவென்று வளர்ந்த மாரீஸ்வரி ஏற்கெனவே தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாள். அவளுக்கு நெஞ்சுக்குக் கீழேதான். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு கையால் விஜயலட்சுமியின் கையைப் பிடித்திருந்தாள். விஜயலட்சுமியும் சித்தி கையை விடவில்லை.

பேராச்சி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பிழைத்தால் போதும் தாயே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, அது நிஜம். அந்த வேண்டுதலுக்கு அடியில் இன்னொன்றும் புகைந்தது, அதுவும் நிஜம். போகிறாளே! எந்த நாளுக்காகக் காத்திருந்தேனோ அந்த நாளையும் எடுத்துக்கொண்டு போகிறாளே! கடவுளே, எனக்கு ஒரு சாண் கூடக் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? பரணில் ஏறி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கடல் இறங்கியதும் தண்ணீரும் இறங்கியது. பரணில் நனையாமல் கிடந்த இரண்டு சேலையை ஒரு பையில் திணித்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு சயான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். வார்டு வாசலிலேயே மாரீஸ்வரி நின்றிருந்தாள். நீலச் சட்டை சேறாகி, சேலை உடம்போடு ஒட்டி, குளிரில் பல் கிட்டியது.

"பொம்பளப் பிள்ளக்கா. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு."

பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாரீஸ்வரி அவள் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவசர அவசரமாய்ச் சொன்னாள்:

"நான் இன்னும் பிள்ள மொகத்தப் பாக்கல. நர்சம்மா கொண்டாந்து காட்டுனா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். மொதல்ல நீங்கதான பாக்கணும்?"

பேராச்சி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எங்க வீட்டில் தண்ணீர் வராது என்று சொல்லும்போது அந்தக் கல்லியில் ஒவ்வொருத்தியும் வைத்துக்கொண்ட முகம் அது. முதலில் அதை வைத்துக்கொண்டவளே பேராச்சிதான்.

"அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாரீஸ்வரி இரண்டடி தள்ளிப் பின்னாலேயே வந்தாள்.

விஜயலட்சுமி களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணிக்குள் பிள்ளை. பேராச்சி குனிந்து இரண்டு கையாலும் எடுத்தாள். சூடாய், பூப்போலக் கனம் இல்லாமல் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குப் பக்கத்து வீட்டு ஞாபகம் வரவில்லை. அது எவ்வளவு நேரத்துக்கு? மகள் வாயைத் திறக்கும்வரைதான்.

"எம்மா, பிள்ளைக்குக் கால் எம்புட்டு நீளம்னு பாத்தியா? சித்தி அப்பலருந்து சொல்லிக்கிட்டே இருக்கா, அவள மாதிரி நெடுநெடுன்னு வளருவாளாம்."

மாரீஸ்வரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் சிவந்துவிட்டது.

பேராச்சிக்குச் சுரீரென்றது. ரத்த உறவே இல்லாதவள், இவள் உயரம் என் பேத்திக்கு எங்கே இருந்து வரும்? பாக்கவே இல்லையென்றாளே, பாக்காமலா கால் நீளத்தைக் கண்டாள்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் மாரீஸ்வரியின் சேலையிலிருந்து தரையில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். நெஞ்சுவரைக்கும் நனைந்திருந்தது. பேராச்சியாக இருந்தால் தலைக்கு மேலே போயிருக்கும்.

துணியை இழுத்துப் பிள்ளையின் காலை நன்றாக மூடினாள். பையைக் காலால் மாரீஸ்வரி பக்கம் தள்ளினாள்.

"காஞ்ச சேல இருக்கு, மாத்திட்டு வா. ஒனக்குக் கொஞ்சம் கட்டையாத்தான் இருக்கும்."

மாரீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவருகே போனவளைப் பேராச்சி கூப்பிட்டாள்.

"ஏட்டி."

"என்னக்கா?"

"மூக்கு என் மூக்கு. நீதான் இன்னும் பாக்கலல்லா, அதான் சொல்லுதேன்."

மாரீஸ்வரி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல், "அப்படியாக்கா?" என்றாள்.